மூத்தவன் பங்கு என்று ஒன்று இருக்கிறதா?

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, பந்தல் பிரித்து, உறவு முறை ஊருக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அந்தப் பேச்சு எழும். “கொள்ளி வச்சவன் மூத்தவன். குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினவனும் அவன்தான். அவனுக்கு ஒரு பங்கு கூடப் போட்டுத்தான் பிரிக்கணும்.” தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊரிலும் இதைக் கேட்கலாம். சொல்பவர் தாய்மாமனாக இருப்பார், ஊர்த் தலைவராக இருப்பார், சில வீடுகளில் மூத்தவரே சொல்வார். இது நியாயமா என்பது குடும்பத்தின் பாடு. சட்டத்தில் உண்டா என்பதற்கு மட்டும் தெளிவான பதில் இருக்கிறது: இல்லை. இந்துவுக்கும் இல்லை, இசுலாமியருக்கும் இல்லை, கிறித்தவருக்கும் இல்லை.

ஆனால் ஒரு காலத்தில், இதே சேது சீமையில், அதாவது இராமநாதபுரம் பக்கத்தில், இருந்தது. குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் சொல்லின் பொருள். தலைமகன் உரிமை என்று சட்டம் சொல்வது “மூத்தவனுக்குக் கொஞ்சம் கூடுதல்” என்பதை அல்ல. சொத்து முழுவதும் ஒரே ஒருவருக்கு, அந்த ஒருவர் வயதில் மூத்தவர், மற்ற பிள்ளைகளுக்குப் பங்கே கிடையாது என்பதுதான் அது. இன்னொரு நுணுக்கமும் உண்டு: நேர் வழி. பட்டத்தில் இருப்பவருக்கு மூன்று மகன்கள். மூத்தவர் தகப்பனுக்கு முன்பே இறந்துவிட்டார், அவருக்கு ஒரு மகன் இருக்கிறான். பட்டம் உயிரோடு இருக்கும் இரண்டாம் மகனுக்குப் போகாது. மூத்தவரின் மகனான பேரனுக்குப் போகும். மூத்த கிளை அற்றுப்போனால்தான் அடுத்த கிளையின் முறை. பல மனைவியர் இருந்தால் எந்தத் தாய் முதல் தாரம் என்று பார்ப்பதில்லை, எந்த மகன் முதலில் பிறந்தான் என்றுதான் பார்ப்பார்கள். வேறு வழக்கம் இருக்கிறது என்பவர் அதை நிரூபிக்க வேண்டும்.

கூடுதல் பங்கு என்பது வேறு சரக்கு. வடமொழி நூல்களில் அதற்கு ஜேஷ்ட பாகம், உத்தாரம் என்றெல்லாம் பெயர். மனு நூல், மூத்தவனுக்கு இருபதில் ஒரு பாகத்தை முதலில் எடுத்து வைக்கச் சொல்கிறது. நடுவனுக்கு அதில் பாதி, கடைசி மகனுக்குக் கால். மிச்சத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டும். தமிழ் விவிலியத்தில் ஏசா ஒரு வேளைக் கூழுக்கு விற்ற “சேஷ்டபுத்திர பாகம்” இதே வகை. உபாகமம் மூத்தவனுக்கு இரண்டு பங்கு என்று அளவும் சொல்கிறது. இரண்டுமே இன்று நீதிமன்றத்தில் செல்லாது. மனு சொன்னதை, இந்துச் சட்டத்துக்கு அடிப்படையாக நின்ற பழைய உரைநூலான மிதாட்சரமே, உலகத்தார் வெறுப்பதால் இனி நடைமுறைக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டது. ஆங்கிலேயச் சட்டம் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. “நம்ம பழைய சட்டத்துல மூத்தவனுக்குக் கூட உண்டு” என்று பேசுபவர்கள் பழையதிலும் பழையதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள்.

சேதுபதி பட்டம்

இராமநாதபுரம் அரண்மனையில் மட்டும் மூத்தவர் முறை ஆதியிலிருந்து அசையாமல் நடந்தது என்று நினைத்தால் அதுவும் தவறு. 1645இல் சடைக்கன் சேதுபதி கொல்லப்பட்டபின் திருமலை நாயக்கர் சீமையை மூன்றாகப் பங்கு போட்டார். 1710இல் கிழவன் சேதுபதிக்குப் பிறகு, மகன் பவானி சங்கரன் இருந்தும் பட்டம் விஜயரகுநாதருக்குப் போனது. 1730 வாக்கில் சீமை ஐந்து கூறாகி, இரண்டு கூறு சிவகங்கை ஆனது. தாயின் நிலை, படைத் தளபதிகளின் விருப்பம், மதுரையும் தஞ்சாவூரும் யார் பக்கம் என்பது, இவையெல்லாம் வயதைவிடக் கனமாக நின்ற காலம் அது.

அசையாத சட்டமாக அதை இறுக்கியது ஆங்கிலேயக் கும்பினியின் ஏற்பாடு. 1795இல் முத்துராமலிங்க சேதுபதியை இறக்கிவிட்டு, 1803இல் அவருடைய சகோதரி மங்களேசுவரி நாச்சியார் பேரில் நிரந்தரத் தீர்வையாகச் சமீன் சன்னது (உரிமைப் பத்திரம்) கொடுத்தார்கள். முதல் சன்னதே ஒரு பெண் பேரில்! அதன்பின் இராமநாதபுரமும் சிவகங்கையும் பங்கிட முடியாத சமீன்களாக நீதிமன்றங்களில் நின்றன. வருமானமும் நிலமும் பட்டத்துக்கு வந்தவர் கையில், தம்பிமாருக்குச் சீவனாம்சம். அவர்கள் பாகம் கேட்டு வழக்குப் போட முடியாது. பட்டத்தில் இருப்பவர் விற்றாலும் தடுக்க முடியாது என்று இலண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஒரு கட்டத்தில் சொல்லிவிட்டது. கடனில் சமீன்கள் கரையத் தொடங்கியதால்தான் சென்னை மாகாணத்தில் 1904இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, பட்டியலில் இருந்த சமீன்களை விற்பதற்கும் அடகு வைப்பதற்கும் கடிவாளம் போட்டார்கள்.

இந்த மண்ணின் இரண்டு வழக்குகளைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். ஒன்று 1863இல் முடிந்த சிவகங்கை வழக்கு. சமீனைப் பெற்ற கௌரி வல்லபர் 1829இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அண்ணன் வழி ஆண்கள் சமீனைப் பிடித்துக்கொண்டார்கள். குடும்பம் பிரியாமல் இருந்தாலும் அவர் தனியே அடைந்த சொத்து அவர் மனைவிக்கும் மகளுக்கும்தான் இறங்கும் என்று பிரிவி கவுன்சில் சொல்லி, மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்த்தது. இரண்டாவது 1868இல் முடிந்த இராமநாதபுரம் வழக்கு. கணவன் அனுமதி கொடுக்காமல் இறந்திருந்தாலும், பங்காளிகளின் சம்மதத்தோடு விதவை ராணி எடுத்த தத்து செல்லும் என்றது அந்தத் தீர்ப்பு. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த நூலை மிஞ்சும் என்ற புகழ்பெற்ற கருத்து அதில்தான் வருகிறது.

அந்தக் கருத்தைத்தான் இன்றைக்கும் சிலர் தூக்கி வருகிறார்கள்: “எங்க குடும்பத்து வழக்கம், மூத்தவனுக்குத்தான் தோப்பு.” 1868இல் வாதாடியிருக்கலாம். 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 4ஆம் பிரிவு, அந்தச் சட்டம் பேசும் விசயங்களில் முந்தைய வழக்கம், நூல், விதி எல்லாவற்றையும் செல்லாததாக்கிவிட்டது. வழக்கத்தால் மட்டும் ஓர் ஆளுக்கு இறங்கி வந்த பங்கிட முடியாத சொத்தும் அதோடு முடிந்தது என்று உச்ச நீதிமன்றம் 1981இல் உறுதி செய்தது. சமீன் நிலமே 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டத்தில் ரயத்துவாரியாக (குடியானவரே அரசுக்கு நேரே வரி கட்டும் நிலமாக) மாறிவிட்டிருந்தது. ஆக அரண்மனைக்கே இல்லாத உரிமை அரை ஏக்கர் தென்னந்தோப்புக்கு எப்படி வரும்?

மூத்தவர் முறை இன்றும் மூச்சு விடும் ஓர் இடம் கோயில் அறங்காவல். பரம்பரை அறங்காவலர் பதவி சொத்தைப் போலப் பிள்ளைகளுக்குள் பிரியாமல், நிறுவியவர் எழுதி வைத்தபடியோ தொன்றுதொட்ட முறைப்படியோ இறங்கலாம். 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, இடம் காலியானால் வாரிசு வரிசையில் அடுத்தவர் வருவார் என்கிறது. அவர் பரம்பரை அறங்காவலரா என்ற தகராறை 63ஆம் பிரிவில் இணை ஆணையர் விசாரிப்பார். ஆனால் அது பதவி. அதை வைத்துக் குடும்ப வீட்டில் கூடுதல் அறை கேட்க முடியாது.

இன்றைய கணக்கு

கணக்கு போடாமல் பங்கு பேசினால் சண்டைதான் மிஞ்சும். மூன்று சட்டங்களுக்கும் ஒரே குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்: உயில் எழுதாமல் இறந்த தகப்பன், மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்தது மகனாக இருக்கட்டும்.

இந்து என்றால், சொத்து அவர் சம்பாதித்ததா, பூர்வீகமா என்று முதலில் பிரிக்க வேண்டும். சம்பாதித்தது என்றால் நான்கு சம பங்கு, முடிந்தது. இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் ஐந்து. இந்தத் தாயை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பாட்டிக்கு எதற்குப் பங்கு என்று விட்டுவிட்டுப் பத்திரம் போடுவார்கள். பாட்டி இறந்ததும் அத்தைமார் வந்து அந்த ஐந்தில் ஒன்றில் தங்கள் பாகத்தைக் கேட்பார்கள், அது அவர்கள் உரிமையும்கூட. மகன்களில் ஒருவர் முன்பே இறந்திருந்தால் அவர் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து அவருடைய ஒரு பங்கை எடுப்பார்கள்.

பூர்வீகச் சொத்து என்றால் இரண்டு படி. 8 ஏக்கர், அதாவது 800 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். இறப்பதற்கு முந்தைய நிமிடத்தில் பாகம் நடந்ததாகக் கருத வேண்டும்: தகப்பன், இரண்டு மகன்கள், மகள், ஆளுக்கு 200 சென்ட். பிறகு தகப்பனின் 200 சென்ட் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஐம்பது ஐம்பதாகப் பிரியும். முடிவில் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 250 சென்ட், தாய்க்கு 50. நம் பக்கத்துச் சட்ட வழக்கில் முதல் படியில் தாய்க்குப் பங்கு இல்லாததால்தான் இந்த வித்தியாசம். மூத்தவருக்கும் கடைக்குட்டிக்கும் ஒரு சென்ட்கூட வித்தியாசம் இல்லை.

மகள் அந்த 250இல் முழுதாக நிற்கிறாள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அன்று திருமணமாகாத மகள்களுக்குப் பிறப்புரிமை வந்துவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் திருமணமானவர், ஆகாதவர் என்ற பிரிவே போனது. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்த பாகப்பிரிவினையோ விற்பனையோ இருந்தால் அது அப்படியே நிற்கும். “வாய்மொழியா அப்பவே பிரிச்சாச்சு” என்பதை நீதிமன்றம் எளிதில் ஏற்காது. அரசு ஆவணம் போன்ற வலுவான சான்று வேண்டும்.

இன்னொன்று, பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருப்பது. தாத்தா 1956க்குப் பின் உயில் இல்லாமல் இறந்து, அவருடைய சொந்தச் சொத்து அப்பாவுக்கு வந்தது என்றால், அது அப்பாவின் கையில் தனிச் சொத்து. பேரனுக்குப் பிறப்புரிமை இல்லை. “தாத்தா சொத்து, தலைப்பேரனுக்குத்தான்” என்ற வசனம் இங்கேயே நின்றுவிடுகிறது.

“மூத்த தாரத்து மகன்” என்ற உரிமைப் பேச்சும் இதே ரகம். முதல் மனைவி இருக்கும்போதே நடந்த இரண்டாவது திருமணம் செல்லாது, அந்த மனைவிக்குப் பங்கில்லை. ஆனால் அவளுக்குப் பிறந்த பிள்ளைகளுக்குத் தகப்பனின் சொத்தில் மற்றப் பிள்ளைகளைப் போலவே பங்கு உண்டு. பூர்வீகமாக இருந்தால், தகப்பனுக்கு விழும் கூற்றில் மட்டும் உண்டு. 2023 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் இசுலாமியருக்கு ஷரீஅத். அடக்கச் செலவு, கடன் (மனைவிக்குக் கொடுக்காமல் நின்ற மணக்கொடையான மஹர் உட்பட), பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத் (உயில்), மிச்சம் வாரிசுகளுக்கு. அதே குடும்பத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று; மீதியை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று ஐந்தாக்க வேண்டும். மொத்தத்தை நாற்பதாக வைத்தால் மனைவிக்கு 5, மகன்களுக்கு 14, 14, மகளுக்கு 7. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை எந்தப் பிள்ளைக்கும் உரிமை தொடங்குவதில்லை, மூத்தவருக்கும்தான். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் மாறான வழக்கங்களை நீக்கியது. அதில் விட்டுப்போன விவசாய நிலத்தைச் சென்னை மாகாணம் 1949இல் சேர்த்துவிட்டது.

தலைமகன் முறைக்கு நேர் எதிரான ஒன்று இங்கே இருக்கிறது. மூத்த மகன் தகப்பனுக்கு முன் இறந்து, இன்னொரு மகன் உயிரோடு இருந்தால், மூத்தவரின் பிள்ளைகளுக்கு எதுவும் வராது. சபுராளியாக (பிழைப்புக்கு வெளிநாடு) போன மகன் அங்கேயே மவுத்தாகிவிட்ட வீடுகளில் இது பெரிய அடி. வழி இருக்கிறது, தாத்தா உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும்: பேரப்பிள்ளைகள் அந்நிலையில் வாரிசுகள் அல்லாததால், மூன்றில் ஒரு பங்கு வரை அவர்களுக்கு வஸிய்யத் எழுதலாம், யார் சம்மதமும் தேவையில்லை. மூத்த மகன் உயிரோடு இருந்து அவருக்கு வஸிய்யத்தில் கூடுதல் எழுதினால் அது வாரிசுக்கு எழுதியது. தகப்பனின் மறைவுக்குப் பின் மற்ற வாரிசுகள் ஒப்புக்கொண்டால்தான் செல்லும்.

கீழக்கரையில் பெண்ணுக்குக் கல்யாணத்தில் வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே வைக்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். கொடுக்கிறார்கள், பெண் வாழ்கிறாள், பேரப்பிள்ளை பிறக்கிறது. பட்டாவும் வீட்டு வரியும் மட்டும் வாப்பா பேரிலேயே கிடக்கும். வாப்பா மறைந்ததும் மூத்த காக்கா (அண்ணன்), “அது வாப்பா சொத்து, நாற்பதில் கணக்குப் போடணும்” என்பார். ஹிபா (கொடை) என்று நிரூபிக்க மூன்று வேண்டும்: கொடுத்தேன் என்ற அறிவிப்பு, வாங்கினேன் என்ற ஏற்பு, அனுபவத்தை ஒப்படைத்தல். மூன்றும் இருந்தால் வாய்மொழியே போதும், பதிவு கட்டாயமில்லை. சட்டம் அப்படி. ஆனால் முப்பது வருடம் கழித்துச் சாட்சி எங்கே இருப்பார்? கல்யாணத்தோடு சேர்த்து ஒரு பதிவு செய்த செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுக்கும் பத்திரம்) போட்டு, வரியையும் மின் இணைப்பையும் பெண் பேருக்கு மாற்றிவிடுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று தெரியவில்லை. சீருக்குச் செய்யும் செலவில் இது மிகச் சிறியது.

பாம்பன், தங்கச்சிமடம் கிறித்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமம். நம் குடும்பத்தில் ஆளுக்கு ஒன்பதில் இரண்டு. பூர்வீகம், பிறப்புரிமை என்ற பிரிவு இல்லை.

அண்ணன் கர்த்தா அல்ல

மூத்தவர் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இன்னும் எடை இருக்கும் இடம் இந்துக் கூட்டுக் குடும்பத்தின் கர்த்தா (குடும்ப நிர்வாகி) பதவி. அதுவும் நிர்வாகம் மட்டுமே, பங்கு கூடாது. குடும்ப அவசியத்துக்கு விற்கலாம், ஆனால் அவசியம் இருந்தது என்று நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில். மூத்தது பெண்ணாக இருந்தால் அவளும் கர்த்தாவாகலாம் என்று 2015இல் தில்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதைவிட முக்கியமானது: தகப்பன் சம்பாதித்த சொத்து பிள்ளைகளுக்கு வந்தால் அங்கே கர்த்தாவே கிடையாது. ஆளுக்கு ஒரு தனிப் பங்கு உள்ள கூட்டு உரிமையாளர்கள் அவர்கள். அண்ணன் தனியே கையெழுத்துப் போட்டு விற்றால் அவர் பங்கு மட்டும்தான் போகும். தம்பி மைனர் என்பதால் அவனுக்காக அண்ணன் கையெழுத்துப் போட்டால் அதுவும் செல்லாது. இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவர் இல்லாவிட்டால் தாய். தாயும் நீதிமன்ற அனுமதி வாங்கித்தான் விற்க வேண்டும். கடலோரத்தில் மனை வாங்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்: “மூத்தவர் கையெழுத்துப் போட்டால் போதும், மற்றவர்கள் அவர் சொல்லைத் தட்ட மாட்டார்கள்” என்று தரகர் சொல்வார். ஒரு பங்காளி விற்பதென்றால் முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை மற்ற வாரிசுகளுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் உண்டு என்பதையும் சொல்ல மாட்டார்.

பட்டாவில் ஏறிய பெயர்

1980களில் நடந்த யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) வேலையில், நிலத்தில் யார் நின்றாரோ அவர் பெயர் பட்டாவில் ஏறியது. நின்றவர் அண்ணன். தம்பி கடலில் இருந்தார், அக்கா புகுந்த ஊரில் இருந்தார், இன்னொருவர் கொழும்பில் இருந்தார். இன்று அந்த அண்ணனின் பிள்ளைகள் தனிப் பட்டாவைக் காட்டி, “எங்கப்பா சொத்து” என்கிறார்கள். பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது; வரி யாரிடம் வசூலிப்பது என்பதற்கான பதிவு அது. முப்பது வருடம் அண்ணனே கிஸ்து கட்டினாலும், கூட்டு உரிமையாளர் ஒருவரின் அனுபவம் எல்லோருக்குமான அனுபவமாகவே கருதப்படும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அது அவர்களுக்குத் தெரிந்து, பன்னிரண்டு ஆண்டுகள் போயிருந்தால்தான் சிக்கல். ஆகவே “உனக்குப் பங்கே இல்லை” என்று எழுத்தில் ஒரு பதில் வந்த நாளைக் குறித்து வையுங்கள். கடிகாரம் அங்கிருந்து ஓடுகிறது.

கூர்சீட்டு, அதாவது பங்கு பிரித்ததை எழுதிவைக்கும் சீட்டு, இன்னொரு தலைவலி. வீட்டில் உட்கார்ந்து இருபது ரூபாய்த் தாளில் “மூத்தவருக்கு இது, இளையவருக்கு இது” என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஏற்கெனவே நடந்து முடிந்த பிரிவினையை ஞாபகத்துக்காகக் குறித்ததாக இருந்தால் சான்றாக எடுப்பார்கள். “இன்று முதல் இப்படிப் பிரித்துக்கொள்கிறோம்” என்று எழுதியிருந்தால் அது பாகப்பத்திரம். பதிவும் முத்திரைத் தீர்வையும் இல்லாமல் செல்லாது. ஒரு வினைச்சொல்லில் சொத்து போகும். பதிவுச் செலவுக்குப் பயந்து இதைச் செய்பவர்களுக்கு: குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை ஒரு விழுக்காடு, உச்சம் ஒரு பங்குக்கு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் ஒரு விழுக்காடு, உச்சம் 10,000. வழக்கோடு ஒப்பிட்டால் இது செலவே அல்ல. போவதற்கு முன் சார்பதிவகத்தில் அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா தங்கையிடம் விடுதலைப் பத்திரம் கேட்கும்போது “பட்டா மாத்தத்தான், சும்மா ஒரு கையெழுத்து” என்பார்கள். சும்மா இல்லை. பதிவான விடுதலைப் பத்திரம் பங்கை முழுவதுமாக விட்டுக்கொடுப்பது. பின்னர் ஏமாற்றினார்கள் என்று நிரூபிப்பது எளிதல்ல. கூட்டுப் பட்டாவுக்கு விடுதலைப் பத்திரம் தேவையே இல்லை. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் போதும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து, தாசில்தார் கொடுப்பார். கட்டிக்கொடுத்த பெண்களின் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று விண்ணப்பத்திலேயே பாருங்கள். பிறகு திருத்துவது இழுக்கும்.

படகு

நிலத்தைவிடப் படகில்தான் “மூத்தவன்” வாதம் சூடாக இருக்கும். தகப்பன் போனதும் ஓட்டத் தெரிந்த மூத்தவர் விசைப்படகை எடுத்துக்கொள்வார். படகு அசையும் சொத்து. அதிலும் மேலே சொன்ன அதே பங்குதான். மீன்வளத் துறைப் பதிவில் பெயர் மாற்றப் போனால் மற்ற வாரிசுகளின் ஒப்புதலைப் பொதுவாகக் கேட்பார்கள். ஒப்புதல் கொடுப்பவர்கள், பெயர் மட்டும் மாறுகிறதா, பங்கும் போகிறதா என்று அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓட்டுகிறவரின் உழைப்புக்கும் மற்றவர்களின் முதலுக்கும் கணக்கு வேறு வேறு. டீசல், ஐஸ், வலைச் செலவு, ஆட்களின் பங்கு எல்லாம் கழித்தபின் நிற்கும் படகுப் பங்கைத்தான் வாரிசுகளுக்குள் பிரிக்க முடியும். ஓட்டுகிறவர் ஆளாகத் தன் கூலிப் பங்கைத் தனியே எடுப்பது நியாயம். இப்படி ஒரு நோட்டுப் புத்தகம் போட்ட குடும்பங்கள் பிழைக்கின்றன. எஞ்சினை மூத்தவர் தன் கடனில் மாற்றியிருந்தால் அந்தப் பில்லையும் வங்கிக் கணக்கையும் பத்திரமாக வைக்க வேண்டும், விற்கும் நாளில் அதுதான் பேசும்.

மூத்தவருக்குக் கூடுதல் கொடுக்கத்தான் வேண்டும் என்றால்

பதினைந்து வயதில் படிப்பை விட்டு, தங்கைகளைக் கரையேற்றிய மூத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூடக் கொடுக்க நினைப்பது குற்றமில்லை. ஆனால் அதைப் பெற்றவர் உயிரோடு இருக்கும்போது எழுத்தில் செய்ய வேண்டும். இந்துவும் கிறித்தவரும் தமக்குச் சொந்தமானது முழுவதையும் ஒரு பிள்ளைக்கே உயில் எழுதலாம். பூர்வீகமானால் இந்துத் தகப்பன் தன் கூற்றுக்கு மட்டும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள், எழுதியவர் கையெழுத்திட்டதைப் பார்த்துத் தாங்களும் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. சாட்சிகள் எழுதியவரைவிட இளையவர்களாக இருக்கட்டும். பின்னர் ஒருவராவது நீதிமன்றத்தில் ஏற வேண்டியிருக்கும்.

உயில்கள் விழுவது எழுத்தில் அல்ல, சூழலில். மூத்த மகனே காரில் கூட்டிப் போனது, பத்திர எழுத்தருக்குச் சொல்லிக்கொடுத்தது, மற்றப் பிள்ளைகளின் பெயரே உயிலில் இல்லாதது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் தேதி: இவை சேர்ந்தால் நீதிமன்றம் சந்தேகப்படும், அதைத் தீர்க்க வேண்டியவர் உயிலைக் காட்டுகிறவர். மற்றப் பிள்ளைகளுக்கு ஏன் குறைவு என்று இரண்டு வரி எழுதுங்கள். “மூத்த மகன் இன்ன ஆண்டு முதல் என் கடனை அடைத்தான், இளைய மகளுக்கு இன்ன மனையை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்” என்ற வரிதான் பின்னால் அந்த உயிலைத் தாங்கும்.

செட்டில்மென்ட் என்றால் உடனே உரிமை கை மாறும். பராமரிப்பேன் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வைத்தால்தான், மகன் கைவிட்டபோது 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் போய் ரத்து கேட்பது சுலபம். ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையையும் பெற்றவர்கள் அதிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பிரிக்கும் முறையில் ஊர் வழக்கம் ஒன்று சட்டத்தைவிட நன்றாக வேலை செய்கிறது: பங்கைப் போடுவது மூத்தவர், முதலில் எடுப்பது இளையவர். அளந்து வைக்கிறவருக்குக் கடைசியில் மிஞ்சுவதுதான் என்று தெரிந்தால் கிணறும் பாதையும் தென்னை வரிசையும் தானாகச் சமமாக விழும். ரோட்டு முகப்பையும் கடல் பக்கத்தையும் குறுக்காக வெட்டாமல் நெடுக்காக வெட்டுங்கள். எல்லாப் பங்குக்கும் பாதை வேண்டும், அது பத்திரத்தில் அடிக்கணக்கில் எழுதப்பட வேண்டும்.

பேச்சு முறிந்துவிட்டால் வரிசை இதுதான். வில்லங்கச் சான்று, அ-பதிவேடு (கிராம நில விவரப் பதிவேடு), பழைய பட்டா நகல் எடுங்கள். பட்டாவில் தவறு என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, பிறகு மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. ஆனால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே பாக வழக்கில் எல்லா வாரிசுகளையும், அண்ணனிடம் ஏற்கெனவே வாங்கியவரையும் சேர்க்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும், ஒரு சர்வே நம்பர் விட்டுப்போனாலும் வழக்கு அதற்காகவே விழலாம். முதல்நிலைத் தீர்ப்பாணை பங்கின் அளவை மட்டும் சொல்லும். அதை வாங்கிவிட்டு வெற்றி என்று வீட்டில் வைத்துக்கொள்பவர்கள் ஏராளம். நிலம் பிரிய வேண்டுமானால் இறுதித் தீர்ப்பாணை வரை வழக்கை நடத்தி, வக்கீல் ஆணையரும் சர்வேயரும் வந்து அளந்து, வரைபடம் தாக்கலாகி, தீர்ப்பாணையை முத்திரைத் தாளில் எழுதி வாங்க வேண்டும். தாசில்தார் உட்பிரிவு போட்டுத் தனிப் பட்டா கொடுப்பது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.